மலாயாத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் வருகையின்மை: வட்டார வேறுபாடுகள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு (1900 – 1957)

முன்னுரை

மலாயாத் தமிழ்க்கல்வியின் வரலாறு பெரும்பாலும் பள்ளிகளின் எண்ணிக்கையையும் மாணவர் சேர்க்கையையும் அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. 1816-இல் பினாங்கு இலவசப் பள்ளியைச் சார்ந்து தமிழ் வகுப்புத் தொடங்கப்பெற்றது முதல், 1957-இல் நாடு விடுதலை அடைந்தபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இயங்கியது வரை, இவ்வரலாறு ஏறுமுகமான ஒரு வளர்ச்சியாகவே காட்டப்படுகிறது. பதிவேட்டில் பெயர் எழுதப்பெற்ற பிள்ளை நாள்தோறும் வகுப்பில் இருந்ததா என்னும் வினா அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை.

எழுப்பப்பட்ட இடங்களிலும் விடை ஒன்றாகவே இருந்தது. தோட்டப் பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை என்பதே அவ்விடை. குடியேற்ற ஆட்சிக்கால அலுவலர்களும் தோட்ட நிருவாகிகளும் இதனைப் பலமுறை கூறினர். பின்னர் நம் சமுதாய மேடைகளும் அதனையே ஏற்றுக்கொண்டன. பெற்றோரின் மனப்பாங்கே முழுக் காரணம் எனின், ஒரே தமிழக மாவட்டங்களிலிருந்து வந்து ஒரே வகைத் தொழிலைச் செய்த மக்களிடையே வருகையின்மை எங்கும் ஒரே தன்மையுடையதாக இருந்திருத்தல் வேண்டும். உண்மையில் அது வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டது. அளவில் மட்டுமன்றி வகையிலும் வேறுபட்டது என்பதே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. அவ்வேறுபாட்டுக்குரிய காரணங்களை நிலம், நோய், கூலி, குடியமைப்பு ஆகியவற்றின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டமும் வருகையும்

கூட்டு மலாய் மாநிலங்களில் 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கும் பொறுப்பை முதலாளிமார் மீது சுமத்த வழி செய்தது. 1923-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு இப்பொறுப்பை மேலும் உறுதிப்படுத்தியது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியமைக்கு இச்சட்டங்களே அடிப்படை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் சட்டம் வேண்டியது ஒரு பள்ளியை மட்டுமே. பிள்ளைகள் அப்பள்ளிக்கு வருவதை உறுதி செய்ய எவரையும் அது கட்டுப்படுத்தவில்லை. இவ்விடத்தில் மலாய்ப் பள்ளிகளுடன் ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். சிலாங்கூரில் 1891-ஆம் ஆண்டிலேயே, பள்ளிக்கு அண்மையில் வாழ்ந்த மலாய்ச் சிறுவர்களின் வருகை சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. வராத பிள்ளைகளை வீடு தேடிச் சென்று விசாரிக்கும் அலுவலர்களும் மலாய்ப் பள்ளிகளுக்கு இருந்தனர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இத்தகைய ஏற்பாடு செய்யப்படவில்லை. மாறாக, சிறார் வேலைக்குச் சட்டம் விதித்த குறைந்தபட்ச வயது பத்தாக இருந்தது. பள்ளி வயது ஏழு முதல் பதினான்கு வரை எனக் கருதப்பட்ட காலத்தில், அதன் நடுவிலேயே வேலைக்குரிய வயதும் தொடங்கியது. பத்து வயதுப் பிள்ளை பள்ளிக்குச் செல்வதும் வெளிக்காட்டு வேலைக்குச் செல்வதும் சட்டத்தின் கண்களில் ஒருங்கே ஏற்புடையனவாயின. இவ்விரண்டுள் எது நிகழும் என்பதை அந்தந்த வட்டாரத்தின் சூழலே முடிவு செய்தது.

கூட்டு மலாய் மாநிலங்களின் சட்டம் கெடாவுக்கோ ஜொகூருக்கோ தானாகப் பொருந்தவில்லை. கூட்டில் சேராத மாநிலங்கள் தத்தமக்கெனத் தனிச் சட்டங்களைக் கொண்டிருந்தன. ஆதலால் எல்லை கடந்து வேலை தேடிச் சென்ற ஒரு குடும்பம், பிள்ளையின் கல்வியைப் பொறுத்தவரை ஒரு சட்ட எல்லையையும் கடந்து சென்றது.

வருகைப் பதிவேடு என்னும் சான்று

தோட்டப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்ட அரசு உதவித்தொகை, மாணவர்களின் சராசரி வருகையையும் தேர்ச்சியையும் பொறுத்துக் கணிக்கப்பட்டது. எனவே வருகைப் பதிவேடு கல்வி ஆவணமாக மட்டுமின்றிப் பண ஆவணமாகவும் விளங்கியது. இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, பதிவேட்டில் வருகை கூடுதலாகத் தோன்றுவது பள்ளியை நடத்தியோருக்கு நன்மை பயத்தது. இரண்டாவது, நெடுநாள் வராத பிள்ளையின் பெயர் நீக்கப்பட்டவுடன் எஞ்சியோரின் வருகை விழுக்காடு தானே உயர்ந்தது. வராத பிள்ளை ‘வராதவன்’ என்ற கணக்கில் இடம்பெறாமல், கணக்கிலேயே இல்லாதவனாக மறைந்தான்.

இக்காரணத்தால் வருகையின்மை என்னும் சொல்லை மூன்றாகப் பகுத்து நோக்குதல் வேண்டும். பள்ளியிலேயே சேர்க்கப்படாத பிள்ளையின் வராமை ஒன்று. சேர்ந்தும் அடிக்கடி வராத பிள்ளையின் வராமை மற்றொன்று. ஆண்டின் நடுவே இடம்பெயர்ந்தோ வேலைக்குச் சென்றோ நின்றுவிட்ட பிள்ளையின் வராமை மூன்றாவது. பதிவேடு இவற்றுள் இரண்டாவதை மட்டுமே காட்டவல்லது. முதலாவதையும் மூன்றாவதையும் அறிய, மருத்துவ அறிக்கைகள், தொழிலாளர் துறை ஆவணங்கள், கூலி பற்றிய முடிவுகள் ஆகியவற்றை நாட வேண்டும். கல்வி ஆவணங்களுக்கு வெளியே கிடைக்கும் இச்சான்றுகளே வட்டார வேறுபாட்டைத் தெளிவாகப் புலப்படுத்துகின்றன.

கிரியானும் செபராங் பிறையும்: பருவத்தைச் சார்ந்த வராமை

அரசு 1900-ஆம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிகளைத் தொடங்கிய இடங்கள் பாகான் செராயும் சிரம்பானும் ஆகும். இவற்றுள் பாகான் செராய் பேராக்கின் கிரியான் மாவட்டத்தில் உள்ளது. அங்கே கத்தோலிக்கத் திருச்சபையின் முயற்சியால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தமிழர் குடியேற்றம் ஒன்று உருவாகியிருந்தது. 1906-இல் நிறைவுற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் அம்மாவட்டத்தை நெல் விளையும் நிலமாக உறுதிப்படுத்தியது. அண்டையிலிருந்த செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்களின் வழி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழர் வாழ்வு வேரூன்றியிருந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டதும், கரும்பு மறைந்து ரப்பர் பரவியதும் அங்கு நிகழ்ந்த பெரிய மாற்றங்களாகும்.

நிலத்தோடும் ஊரோடும் பிணைப்புடைய குடும்பங்கள் வாழ்ந்த இடங்களில் வருகையின்மை பருவத்தைச் சார்ந்திருந்தது. நாற்று நடவும் அறுவடையும் பிள்ளைகளை வயலுக்கு அழைத்தன. அவை முடிந்தபின் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினர். இதே போக்கு நெல் விளையும் பகுதிகளின் மலாய்ப் பள்ளிகளிலும் காணப்பட்டது. ஒரே நிலத்தில் வாழ்ந்த இரு வேறு இனத்தாரிடம் ஒரே வகை வராமை தோன்றியமை, காரணம் இனத்தின் இயல்பில் இல்லை என்பதற்குத் தக்க சான்றாகும். இவ்வகை வராமை ஆசிரியருக்குத் தொல்லை தந்ததாயினும், முன்கூட்டியே அறியத்தக்கது. பள்ளி நாள்காட்டியைச் சற்று மாற்றுவதன் வழி குறைக்கவும் தக்கது.

கிள்ளான் கடலோரமும் உட்பகுதிக் குன்றுகளும்: நோயைச் சார்ந்த வராமை

சிலாங்கூரின் தோட்டங்களை வேறுபடுத்திய பெருங்காரணம் மலேரியா ஆகும். 1901-இல் கிள்ளானில் மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், தோட்டந்தோறும் சென்று பிள்ளைகளின் மண்ணீரல் வீக்கத்தைச் சோதித்துக் கணக்கிட்டார். பெரியவர்களுள் பலர் அண்மையில் தமிழகத்திலிருந்து வந்தவர்களாதலின், ஓரிடத்தின் நோய்த்தன்மையைப் பிள்ளைகளின் உடலே நம்பகமாகக் காட்டும் என்பது அவர் கண்ட முறை. 1911-இல் வெளிவந்த அவரது நூல் இக்கணக்குகளைத் தொகுத்துத் தருகிறது. கல்வி வரலாற்றாசிரியர் இந்நூலைப் பெரிதும் பயன்படுத்தியதில்லை. எனினும் பள்ளி வயதுப் பிள்ளைகளின் உடல்நிலை பற்றிய மிக விரிவான ஆவணங்களுள் இஃது ஒன்றாகும்.

வாட்சன் கண்ட முக்கியமான உண்மை நிலத்தோடு தொடர்புடையது. கடலோரச் சமவெளியில் நோயைப் பரப்பிய அனோபிலிஸ் அம்புரோசஸ் என்னும் கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் பெருகியது. காட்டை வெட்டி வடிகால் தோண்டியவுடன் அது குறைந்தது. தோட்டங்கள் நலம் பெற்றன. உட்பகுதிக் குன்றுகளிலோ நிலைமை நேர்மாறாயிற்று. அங்கே காடு வெட்டப்பட்டு வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் வேறொரு கொசு பெருகியது. சமவெளியில் நன்மை தந்த அதே செயல் மலைச்சாரலில் கேடு விளைத்தது. நிலத்தடி வடிகால் அமைத்தலும் ஓடைகளில் எண்ணெய் தெளித்தலும் வந்த பின்னரே குன்றுத் தோட்டங்களுக்கு ஓரளவு விடிவு பிறந்தது. இவை செலவு மிக்கவை. வசதி படைத்த நிறுவனங்கள் செய்தன, சிறு தோட்டங்கள் பின்தங்கின.

இதனைப் பள்ளியோடு இணைத்து நோக்குதல் வேண்டும். முறைக்காய்ச்சல் கண்ட பிள்ளை ஒரு நாள் வரும், மறுநாள் வராது. வந்த நாளிலும் சோர்ந்து கிடக்கும். தாயோ தந்தையோ காய்ச்சலில் விழுந்தால் மூத்த பிள்ளை வீட்டில் நின்றாக வேண்டும். இத்தகைய வராமைக்குப் பருவ ஒழுங்கு இல்லை. கிள்ளான் சமவெளியில் இருந்த பள்ளியையும் அதனின்றும் சில மைல் தொலைவில் குன்றின்மேல் இருந்த பள்ளியையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட்டு, பின்னதன் ஆசிரியரையோ பெற்றோரையோ குறை கூறுவது பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும்.

பகாங் உட்பகுதி: இடப்பெயர்வைச் சார்ந்த வராமை

1920-களின் இறுதியில் இந்தியத் தொழிலாளர்க்கு நியமக் கூலி வரையறுக்கப்பட்டபோது, போக்குவரத்து எளிதான வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் விதிக்கப்பட்டன. பகாங்கின் எளிதிற் சென்றடைய இயலாத பகுதிகளிலோ ஆணுக்கு 58 காசும் பெண்ணுக்கு 46 காசும் விதிக்கப்பட்டன. இவ்வேறுபாடு அங்கு வாழ்வது கூடுதல் செலவுடையது, கடினமானது என்பதை ஆட்சியாளரே ஒப்புக்கொண்டதைக் காட்டுகிறது. தொலைவும் செலவும் கூலிக் கணக்கில் இடம்பெற்றன. பள்ளிக் கணக்கில் இடம்பெறவில்லை. அரிசி வந்து சேரத் தாமதமாகும் இடத்துக்கு ஆசிரியர் வந்து சேர்வதும் தாமதமாகும் என்பதையும் ஆய்வாளர் வருவது அதனினும் அரிது என்பதையும் உதவித்தொகைத் திட்டம் கருதவில்லை.

இத்தகைய இடங்களில் பெயர்ந்து செல்லுதல் இயல்பாயிற்று. தோட்டத் தொழிலாளர் முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்பது அவர்க்கிருந்த உரிமை. கங்காணியின் வருவாயில் தலைக்காசு ஒரு பகுதியாக இருந்தமையால், கங்காணி தோட்டம் மாறும்போது அவர்கீழ் இருந்த குடும்பங்களும் உடன் மாறின. ஒரு கங்காணி புறப்பட்டால் ஒரு வகுப்பே காலியாகும் நிலை இதனால் விளைந்தது. சென்ற இடத்தில் பள்ளி இருந்தாலும், பிள்ளை மீண்டும் முதல் வகுப்பிலேயே அமர்த்தப்படுவது இயல்பு. தோட்டப் பள்ளிகளில் மாணவர் கீழ்வகுப்புகளிலேயே குவிந்திருந்தமைக்கு இஃது ஒரு காரணமாகும்.

நகர்ப்புறங்கள்

கோலாலம்பூர் செந்தூல் இரயில்வே பணிமனை, பொதுப்பணித் துறை, நகராண்மைக் கழகம், சிங்கப்பூர், பினாங்குத் துறைமுகங்கள் ஆகியவற்றைச் சார்ந்து வாழ்ந்த தமிழரின் நிலை வேறு. குடும்பத் தலைவரின் வேலையில் பிள்ளை கைகொடுக்க இடமில்லை. பட்டறைக்கோ கப்பல் துறைக்கோ ஏழு வயதுப் பிள்ளையை அழைத்துச் செல்ல முடியாது. பள்ளி நடந்து செல்லும் தொலைவில் இருந்தது; அரசு, சமயச் சங்கம், பொதுநல அமைப்பு எனப் பள்ளி நடத்துவோரும் பலர் இருந்தனர். ஆதலால் அன்றாட வராமை குறைவதற்குரிய சூழல் அங்கு அமைந்திருந்தது. பெற்றோர் தமிழ்ப்பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்தி ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதே நகரத் தமிழ்ப்பள்ளிகள் எதிர்கொண்ட இழப்பாகும். பதிவேட்டில் இதுவும் ‘நின்றவர்’ என்றே பதிவாகும். ஆனால் பகாங்கில் நின்ற பிள்ளைக்கும் செந்தூலில் நின்ற பிள்ளைக்கும் இடையே வாழ்க்கையளவில் பெருந்தொலைவு உண்டு.

வேலைநாளும் பள்ளிநாளும்

வட்டாரங்கள் வேறுபட்ட போதிலும் ரப்பர்த் தோட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. அது வேலைநாளின் அமைப்பு. விடியுமுன் பெரட்டு, அதன்பின் மரம் வெட்டுதல், வெயில் ஏறுமுன் மங்குகளிலிருந்து பால் சேகரித்தல், பிறகு பாலை நிறுக்கக் கொண்டுசெல்லல். பள்ளிக்குரிய காலை நேரமே தோட்டத்தின் உயிரான நேரமும் ஆகும். பால் சேகரிக்கவும் கட்டிப்பால் பொறுக்கவும் சிறு கைகள் பயன்பட்டன. பிள்ளைகள் காலையில் வேலைக்குச் சென்று பிற்பகலில் பள்ளிக்கு வந்த தோட்டங்களும் இருந்தன. அவர்கள் பதிவேட்டில் வந்தவர்களாகவே கணக்கிடப்பட்டனர். விடியற்காலை முதல் உழைத்த உடலோடு எவ்வளவு கற்றிருப்பர் என்பதைப் பதிவேடு கூறாது.

பெண்பிள்ளைகளின் வராமையைத் தனியே கருத வேண்டும். ஆயாக் கொட்டகை முறையாக இயங்கிய தோட்டங்களில் கைக்குழந்தைகளை அங்கு விட்டுத் தாய் வேலைக்குச் சென்றாள். அது இல்லாத இடத்தில் எட்டு, ஒன்பது வயது அக்காளே ஆயாவானாள். ஆகவே ஒரு தோட்டத்தில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனரா என்பதை அறிய விரும்புவோர், பள்ளிக் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் ஆயாக் கொட்டகையைப் பார்த்தல் தகும்.

ஆசிரியர் நிலையும் இதனோடு தொடர்புடையது. தோட்டக் கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் பாடம் நடத்திய பள்ளிகள் பல. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1937-இல் அறிக்கை வெளியிட்ட வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரின் வருகைக்குப் பின்னரே தோட்டப் பள்ளிகளின் தரம் குறித்து அரசளவில் கவனம் கூடியது. ஆசிரியரே முழுநேரம் இல்லாத பள்ளியில் மாணவர் முழுநேரம் இல்லாமை வியப்பன்று.

மந்தமும் போரும்

1930-களின் தொடக்கத்தில் நேர்ந்த பொருளாதார மந்தத்தில் கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கான தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்று மலாயாவுக்குக் குடிபெயர்வதைத் தடைசெய்தது. அதன்பின் தோட்டங்கள் இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்களை மேலும் மேலும் சார்ந்திருக்க நேர்ந்தது. குடும்பங்கள் நிலைபெற, பள்ளிகளும் நிலைபெறத் தொடங்கின.

சப்பானியர் ஆட்சி இதனைக் குலைத்தது. சயாம் – பர்மா இரயில்பாதைக்குத் தோட்ட ஆண்கள் பெருந்தொகையாகக் கொண்டு செல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. 1945-க்குப் பின் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, தந்தையை இழந்த குடும்பங்களில் மூத்த பிள்ளையே உழைக்கும் ஆளாக மாறியிருந்தான். 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில், சிதறிக் கிடந்த லயங்கள் வேலிக்குள் ஒன்று சேர்க்கப்பட்டதும் வட்டாரச் சூழலை மாற்றிய நிகழ்வாகும்.

1957-க்குப் பின்

விடுதலைக்குப் பின் தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்பில் இடம்பெற்றன. பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்தனர். எனினும் தோட்டத் துண்டாடல், 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் எதிர்கொண்ட வேலை அனுமதிச் சிக்கல், பின்னர் ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டமை, தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியமை ஆகியவை குடும்பங்களை மீண்டும் இடம்பெயரச் செய்தன. 1973-ஆம் ஆண்டில் வெளிவந்த கல்வி அமைச்சின் கைவிடுகை ஆய்வு, வறுமையும் ஊர்ப்புறச் சூழலும் எல்லா இனத்துப் பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து வெளியேற்றுவதை எடுத்துக்காட்டியது. மலேசியாவும் சிங்கப்பூரும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டங்களை 2003-ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்தின. தமிழ்ப் பிள்ளையின் வருகை சட்டத்தின் பொறுப்பாவதற்கு, 1891-இலிருந்து எண்ணினால், நூறாண்டுக்கும் மேலாயிற்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன இவை. கிரியானில் பருவமும், குன்றுத் தோட்டங்களில் நோயும், பகாங் உட்பகுதியில் இடப்பெயர்வும், நகரங்களில் மொழித் தேர்வும் மாணவரைப் பள்ளியிலிருந்து பிரித்தன. நான்கும் பதிவேட்டில் ஒரே குறியால் குறிக்கப்பட்டன. குறி ஒன்றாக இருந்தமையால் காரணமும் ஒன்றெனக் கொள்ளப்பட்டது. காரணம் பெற்றோர் எனத் தீர்ப்பும் எழுதப்பட்டது. ஒரே மருந்தாக அறிவுரை வழங்கப்பட்டது. நாள்காட்டி மாற்றம், வடிகால், ஆயாக் கொட்டகை, மாற்றுச் சான்றிதழை மதித்து உரிய வகுப்பில் சேர்த்தல் என வட்டாரத்துக்கேற்ற தீர்வுகள் தேவைப்பட்ட இடங்களில் அறிவுரை பயனளிக்கவில்லை.

இவ்வாய்வு ஆசிரியர்க்கும் ஒன்றை உணர்த்துகிறது. இன்றும் 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில், குறிப்பாக மாணவர் எண்ணிக்கை குறைந்த ஊர்ப்புறப் பள்ளிகளில், வராத பிள்ளையின் பெயருக்கு நேரே நாள்தோறும் குறியிடப்படுகிறது. அக்குறி எந்த வகையைச் சார்ந்தது என்று கேட்பதற்குப் பேருந்துத் தடம், தாயின் வேலைநேரம், வீட்டில் உள்ள கைக்குழந்தை, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றை அறிந்திருத்தல் வேண்டும். தோட்டப் பள்ளிகளின் பழைய வருகைப் பதிவேடுகள் எஞ்சியுள்ள இடங்களில் அவற்றைத் திரட்டிப் பேணுவதும், அவற்றை மருத்துவ, தொழிலாளர் ஆவணங்களோடு சேர்த்துப் படிப்பதும் நம் துறையின் உடனடிக் கடமைகளாகும். பள்ளிகள் இடம் மாறும்போதும் மூடப்படும்போதும் முதலில் அழிவன இப்பதிவேடுகளே.